முடியாத மென்பொருளை ஊருக்குக் காட்டிய பிறகு: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கம்

நிரலில் பிழை வந்தால் எங்கே தேடுவது என்று நமக்குத் தெரியும். லாக் (நிரலின் நடப்புப் பதிவு) இருக்கிறது, டீபக்கர் (பிழை தேடும் கருவி) இருக்கிறது, எந்த கமிட்டில் (பதிந்துவைத்த மாற்றத்தில்) உடைந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பிடிக்கவும் வழி இருக்கிறது. பாதி எழுதிய திறமூல மென்பொருளை (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்று விட்டிருப்பதை) வெளியே வைத்ததும் வருகிற இன்னொரு வகைப் பிழைக்கு இதெல்லாம் கிடையாது. ஆட்கள் வருகிறார்கள், எதையோ எதிர்பார்க்கிறார்கள், கிடைக்காமல் கோபித்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். இத்தனைக்கும் நிரலில் ஒரு வரி மாறியிருக்காது.

நானும் இன்னும் இரண்டு பேரும் ஓய்வு நேரத்தில் ஒரு குறிப்பேட்டுச் செயலி எழுதிக்கொண்டிருக்கிறோம். மூன்று ஆண்டுக்கு மேலாகிறது, இன்னும் முடியவில்லை. கீழே உள்ள கோளாறுகளில் பாதிக்கு மேல் நாங்களே இழுத்துவிட்டுக்கொண்டவை. உங்களுக்கு எது தென்படுகிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போகலாம். யாருடைய தரவாவது அழிந்திருந்தால் மட்டும் மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு மூன்றாவது அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி 1: இல்லாத வசதியை "வேலை செய்யவில்லை" என்று பிழையாகப் பதிகிறார்கள்

எங்கள் ரீட்மீயின் (திட்டத்தின் முகப்பில் இருக்கும் விளக்கக் கோப்பின்) மூன்றாவது வரி இப்படி இருந்தது: "உங்கள் குறிப்புகள் போன், கணினி எல்லாவற்றிலும் தானாகவே சிங்க் ஆகும்."

எழுதியவன் நான். எழுதும்போது என் மனதில் இருந்தது 'இனிமேல் ஆகும்'. படித்தவர்கள் எடுத்துக்கொண்டது 'எப்போதும் ஆகும்'. இரண்டுமே சரியான தமிழ்தான். "சூரியன் கிழக்கே உதிக்கும்" என்பதிலும் "நாளைக்கு மழை பெய்யும்" என்பதிலும் இருப்பது ஒரே 'உம்'. பழைய இலக்கணக்காரர்கள் இதைச் 'செய்யும்' என்னும் வாய்பாடு என்று தனியே எடுத்துவைத்து, நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொது என்று சொல்லிவிட்டார்கள். கவிதைக்கு அது வரம். பாதி முடிந்த மென்பொருளின் ரீட்மீக்குச் சாபம். பொய் சொல்கிறோம் என்று நமக்கே தெரியாமல் பொய் சொல்ல வைத்துவிடும்.

ஆங்கிலத்தில் எழுதினாலும் தப்ப முடியாது. அங்கே திட்டத்தை நிகழ்காலத்தில் எழுதிவிடுகிறோம். 'ஆதரிக்கிறது' என்று போட்டிருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் வெறும் ஃபங்ஷன் பெயரும் அதற்குக் கீழே 'இனிச் செய்ய வேண்டும்' என்ற ஒரு டூடூ குறிப்பும் இருக்கும்.

சோதிக்கும் முறை: ரீட்மீயின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "இன்றைக்கு நிறுவினால்" என்று சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். "இன்றைக்கு நிறுவினால் குறிப்புகள் தானாகவே சிங்க் ஆகும்" என்று படித்தபோதே எனக்கு நாக்கு தடுக்கியது.

நீக்கும் முறை: ரீட்மீயில் 'உம்' என்று முடியும் வினையே வரக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். 'செய்கிறது', 'பாதி செய்கிறது', 'செய்யவில்லை' என்ற மூன்றுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். 'பாதி' என்றால் எந்தப் பாதி என்று சொல்லியாக வேண்டும். அந்த மூன்றாவது வரி இப்போது இப்படி இருக்கிறது: "சிங்க்: இன்னும் இல்லை. வேறு கருவிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கோப்பை நீங்களே நகலெடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது."

இதைப் போட்ட அன்று குழுவில் சண்டை.

"இப்படி எழுதினா யாருடா வருவா?"

"வர்றவன் திட்டிட்டுப் போகமாட்டான்டா."

இரண்டு பேர் சொன்னதும் சரி என்றுதான் இப்போது படுகிறது. வருபவர்கள் குறைந்தார்கள். ஆனால் வந்தவர்கள் பதிந்த பிழைகள் உண்மையான பிழைகளாக இருந்தன.

முடியாத ஒன்றை எப்படி அறிவிப்பது என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ், பின்னால் லினக்ஸ் என்று பேர்பெற்ற தன் இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலில் வெளியே சொன்ன சிறு அறிவிப்பு. இது பொழுதுபோக்குதான், குனு (அப்போதே நடந்துகொண்டிருந்த பெரிய கட்டற்ற மென்பொருள் திட்டம்) போலப் பெரிதாக வராது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். இதுவரை என்ன ஓடுகிறது என்று பதிப்பு எண்ணோடு இரண்டு நிரல்களைச் சொன்னார்: கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் 1.08, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி 1.40. தன்னிடம் இருக்கும் வகை ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறெதையும் ஒருவேளை ஒருபோதும் ஆதரிக்காது என்றார். யோசனை சொல்லுங்கள், செய்வேன் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். பெரிதாக வராது என்ற கணிப்பு பொய்த்துப்போனது வேறு கதை. அதைப் படித்துவிட்டு நிறுவிய யாரும் ஏமாந்தேன் என்று சொல்லியிருக்க முடியாது.

படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்னும் எழுதாத திரையை வடிவமைப்பாளர் அழகாக வரைந்து கொடுத்திருப்பார். அதைப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் 'மாதிரிப் படம்' என்று எழுதுவோம். படத்தை எடுத்துப் பகிர்கிறவர் கீழே இருக்கும் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு போவதில்லை. 'இன்னும் எழுதவில்லை' என்பதைப் படத்துக்குள்ளேயே, குறுக்கே, அசிங்கமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று போட்டுவிடுங்கள்.

ஏற்கனவே பதிந்துவிட்ட இஷ்யூக்களை (பயனர்கள் பதியும் புகார்களை) "இது பிழையல்ல" என்று சொல்லி மூடாதீர்கள். பிழைதான், இருக்கும் இடம் நிரலில்லை, ரீட்மீ. அந்த வரியைத் திருத்தி, திருத்திய கமிட்டைக் காட்டி மூடுங்கள்.

அறிகுறி 2: "எப்போ வரும்?" என்று வாராவாரம் கேட்கிறார்கள்

கேட்பவர் மேல் எரிச்சல் வருமுன் உங்கள் பழைய பதில்களைத் தேடிப் பாருங்கள். எங்களுடையதைத் தேடியபோது "சீக்கிரம்" என்ற சொல் எண்ணிமாளவில்லை. "அடுத்த ரிலீஸில்" அதற்கடுத்த இடம். ஒரே வசதியைப் பற்றி "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்று பதினோரு மாத இடைவெளியில் இரண்டு முறை நானே சொல்லியிருக்கிறேன். புலி வருது கதையில் ஊரைத் திட்டி என்ன பயன்?

தேதி கேட்பதுபோல் தெரிந்தாலும் பெரும்பாலானவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: காத்திருக்கலாமா, இல்லை வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்ளட்டுமா என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் தேதி இருக்க வேண்டிய அவசியமில்லை. இப்போது நான் எழுதும் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தேதி சொல்ல முடியாதுங்க. ஒரே குறிப்பை இரண்டு கருவியில் திருத்தினால் எதை வைத்துக்கொள்வது என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை. அதில் ஒருவர்தான் வேலை செய்கிறார், அவரும் வார இறுதியில் மட்டும். இந்த ஆண்டுக்குள் உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் வேறொரு செயலியைப் பயன்படுத்துங்கள். இந்த மாதக் கடைசியில் நிலவரம் எழுதுகிறேன்."

முட்டுக்கட்டை என்ன, யார் பார்க்கிறார், காத்திருக்காதவருக்கு வழி என்ன, அடுத்த தகவல் எப்போது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் தேதி உண்டு, ஏனென்றால் அது ஒன்றுதான் முழுக்க என் கையில் இருக்கிறது. மாதக் கடைசி வந்ததும் "ஒன்றும் நகரவில்லை" என்றாவது எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரியை எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால் மறுபடி "எப்போ வரும்" தொடங்கிவிடும்.

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை (லினக்ஸையும் செயலிகளையும் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்பை) உருவாக்கும் திட்டத்தார் "தயாரானதும் வரும்" என்ற கொள்கையில் பேர்பெற்றவர்கள். 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது, அடுத்த 3.1 வர 2005 ஜூன் ஆகிவிட்டது. அந்த மூன்றாண்டில் அவர்கள் வாங்காத பேச்சில்லை. 2009-இல் அவர்கள் எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கும்: புதிய மாற்றங்களை நிறுத்தி உறையவைக்கும் நாளைக் காலக்கணக்குப்படி வைத்துக்கொள்வது, வெளியீட்டை வழக்கம்போலத் தயாரானதும் செய்வது. உறையவைப்பது கையில் இருக்கிற வேலை. பிழையெல்லாம் எப்போது தீரும் என்பது யார் கையிலும் இல்லை.

இந்தக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) கணினிகளில் லினக்ஸை ஓட வைத்த அசாஹி லினக்ஸ் திட்டத்தின் தலைவர் 2025 பிப்ரவரியில் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் சொன்ன பல காரணங்களில் இதுவும் ஒன்று: செய்துமுடித்த வேலை எதுவும் கண்ணில் படாமல், வராத வசதி எப்போது வரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்த பயனர்கள். அலுத்துப்போகிறவர் பெரும்பாலும் எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவராகத்தான் இருப்பார். பதில் சொல்லும் வேலையை முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 3: ஒருவர் நம்பி வைத்த தரவு போய்விட்டது

எங்கள் 0.4 பதிப்பில் கோப்பு வடிவத்தை மாற்றினோம். பழைய கோப்பைத் திறந்ததும் புதிய வடிவத்துக்கு மாற்றி, அதே இடத்தில் எழுதும். ஒருவர் இரண்டாண்டு ஆய்வுக் குறிப்புகளை அதில் வைத்திருந்தார். மாற்றும்போது பாதியில் செயலி நின்றுவிட்டது. கோப்பின் முன்பாதி புதிய வடிவம், பின்பாதி பழைய வடிவம், இரண்டு பதிப்பாலும் திறக்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை. "எதையாவது மீட்க முடியுமா சார்?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

செய்ய வேண்டிய வரிசை இது, மாற்றாதீர்கள். முதலில் அந்த வெளியீட்டை இறக்கிக்கொள்ள முடியாமல் செய்யுங்கள்; காரணம் கண்டுபிடிப்பது அப்புறம். அடுத்து, பாதிக்கப்பட்டவரிடம் செயலியை மறுபடி திறக்க வேண்டாம், கோப்பை உடனே வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள் என்று சொல்லுங்கள். பிறகு மீட்கப் பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பதிப்பை நிறுவிய மற்றவர்களுக்கும் சேரும்படி, என்ன நடந்தது என்று வெளியீட்டுக் குறிப்பின் உச்சியில் எழுதுங்கள். நாங்கள் இரண்டு இரவு உட்கார்ந்து கோப்பைப் பைட் பைட்டாகப் பார்த்துப் பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்தோம். மீளாத பகுதியும் இருந்தது.

திறமூல மென்பொருளுக்கு வழக்கமாகப் போடும் எம்ஐடி உரிமமோ ஜிபிஎல் உரிமமோ, 'உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. உண்மைதான். ஆனால் குறிப்பைத் தொலைத்தவருக்கு அதைப் பதிலாக அனுப்பிவிடாதீர்கள். அது நீதிமன்றத்துக்கு எழுதிய வாக்கியம்.

திரும்ப நடக்காமல் இருக்க: எச்சரிக்கையை ரீட்மீயில் வைத்தால் போதாது. நிறுவுகிறவர் அந்தப் பக்கமே வராமல் யாரோ கொடுத்த இணைப்பிலிருந்து நேராக இறக்கியிருப்பார். எங்கள் செயலியிலும் திரையின் அடியில் 'ஆல்ஃபா' என்று போட்டிருந்தோம். அந்த ஆய்வாளரிடம் பின்னால் கேட்டேன். அதைச் செயலியின் பெயரோடு சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டாராம்! ஆல்ஃபா, பீட்டா, நைட்லி எல்லாம் முடியாத பதிப்பைக் குறிக்க நம் தொழில் ஆட்களுக்குள் ஓடும் சங்கேதம். இப்போது முதல் திரையில் இருப்பது இதுதான்: "இதில் எழுதுவது அழிந்துபோகலாம். வேறெங்கும் நகல் இல்லாத குறிப்பை இதில் வைக்காதீர்கள்." அதற்கு அடியில் 'சரி' என்ற பொத்தான் இல்லை, 'நகல் வைத்திருக்கிறேன்' என்று இருக்கிறது. அழுத்துகிறவர் ஒரு நொடியாவது தயங்குவார்.

எச்சரிக்கை எழுதியதோடு கடமை முடிந்துவிடாது. கோப்பை மாற்றுமுன் பழையதைப் பக்கத்தில் நகலெடுத்து வைக்கும் நிரல் பத்து வரிகூட வராது. அதை முதல் பதிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். எல்லாக் குறிப்புகளையும் வெறும் உரைக்கோப்பாக வெளியே எடுக்கும் பொத்தானும் அப்படித்தான். வெளியேறும் கதவு இல்லாத வீட்டுக்கு நாங்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அறிகுறி 4: "1.0 போட்டீர்களே, இதுவா 1.0?"

பதிப்பு எண் ஒரு விளம்பரப் பலகை. நாம் கீழே என்ன எழுதினாலும் எண்தான் கண்ணில் படும்.

2008 ஜனவரியில் லினக்ஸ் மேசைத்தளச் சூழலான கேடிஇ-யின் 4.0 வந்தது. அடித்தளத்தை முழுக்க மாற்றி எழுதியிருந்தார்கள். 4.0 என்பது அந்த அடித்தளம் தயாராகிவிட்டது என்பதற்கான அடையாளம், முன்கூட்டியே முயன்று பார்ப்பவர்களுக்கானது என்பது அவர்கள் தரப்பு. 3.5-இல் பழகிய வசதிகள் பல அதில் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் எண் '4.0' என்றது. லினக்ஸ் வழங்கல்கள் சில அதை எடுத்துப் பயனர்களுக்குக் கொடுத்துவிட்டன, வசவு முழுக்கக் கேடிஇ-க்கு. பொதுப் பயனருக்கு ஏற்றது என்று அவர்கள் முன்வைத்தது ஓராண்டு கழித்து வந்த 4.2-ஐத்தான்.

செமான்டிக் வெர்ஷனிங் என்ற பதிப்பு எண் விதிப்படி 0-வில் தொடங்கும் பதிப்பில் எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். எனவே 0 நல்ல தடுப்புச் சுவர். விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வைன் 1993-இல் தொடங்கி 1.0 போட 2008 வரை எடுத்துக்கொண்டது. படம் வரையும் செயலியான இங்க்ஸ்கேப் 2003-இல் பிறந்து 2020-இல்தான் 1.0 போட்டது. என் தனிக் கருத்து, இதில் கொஞ்சம் கோழைத்தனமும் கலக்கலாம் என்பதுதான். ஊரே அன்றாட வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது 'இன்னும் 0.9-தானே, உடைக்க எங்களுக்கு உரிமை உண்டு' என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். எண் என்ன சொன்னாலும், எத்தனை பேர் நம்பியிருக்கிறார்களோ அதற்கேற்ற பொறுப்பு வந்துவிடுகிறது.

தவறான எண் ஏற்கனவே போய்விட்டதா? பின்வாங்கிப் பழைய எண்ணுக்குப் போகாதீர்கள், பேக்கேஜ் மேலாளர்கள் (மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவிகள்) குழம்பிவிடும். 'இதில் இல்லாதவை' என்று ஒரு பட்டியலை வெளியீட்டுக் குறிப்பின் தொடக்கத்தில் சேர்த்துவிட்டு, பேக்கேஜ் கட்டுபவர்களிடம் நேரில் பேசுங்கள். கடைசி ஆளுக்கு எது போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

அறிகுறி 5: ஸ்டார் குவிகிறது, உதவிக்கு ஒரு கை வரவில்லை

கிட்ஹப் போன்ற தளங்களில் பிடித்த திட்டத்துக்குப் போடும் ஸ்டார் என்பது கடைவாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவது. அதை ஆள்பலமாகக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் உள்ளே வந்தவர் எங்கே திரும்பிப் போனார் என்று பார்க்கலாம்.

ஒரு புதுக் கணினியையும் உங்கள் நிரலைப் பார்த்தே இராத நண்பர் ஒருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரீட்மீயைக் கொடுத்து, நிரலிலிருந்து செயலியைக் கட்டி ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது கட்டளையிலேயே என் நண்பர் நின்றுவிட்டார். ஏதோ ஒரு லைப்ரரி (துணை நிரல்தொகுப்பு) என் கணினியில் எப்போதோ நிறுவியது, அதைப் பற்றி எங்கும் எழுதவில்லை. பதினைந்து நிமிடம் அவர் தேடினார். வாயைத் திறக்காமல் இருந்தது எனக்குத்தான் தண்டனை. அறிமுகமில்லாதவர் பதினைந்து நிமிடம் தேடமாட்டார்.

'முதல் பணிக்கு உகந்தது' என்ற லேபிளையும் சரிபாருங்கள். நாங்கள் அதை ஒட்டியிருந்தது எங்கள் மூவருக்கும் பிடிக்காத வேலைகளின் மேல்.

பாதி முடிந்த திட்டத்துக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. உள்ளமைப்பு வாராவாரம் மாறுவதால், ஒருவர் அனுப்பும் பேட்ச் (நிரல் திருத்தம்) நாங்கள் பார்ப்பதற்குள் ஒட்டாமல் போய்விடுகிறது. அவர் திரும்ப எழுதுகிறார், மறுபடி ஒட்டவில்லை. மூன்றாவது முறை வரமாட்டார். எந்த அடைவுகள் (நிரல் கோப்புறைகள்) நிலைத்துவிட்டன, எங்கே சுவரை இடித்துக்கொண்டிருக்கிறோம் என்று வெளிப்படையாகப் பலகை வையுங்கள். இடிக்கும் அறைக்கு ஆள் கூப்பிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் விஷயத்தில் நாங்கள் செய்தது இதைவிட மோசம். நிரல் தெரியாதவர்களும் உதவலாமே என்று தொடக்கத்திலேயே கூப்பிட்டோம். ஒருவர் ராப்பகலாக உட்கார்ந்து எல்லாச் சரங்களையும் (திரையில் வரும் சொற்களை) முடித்துக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அமைப்புகள் திரை முழுவதையும் மாற்றி எழுதினோம், அவர் செய்ததில் கணிசமான பகுதி குப்பைக்குப் போயிற்று. அவரிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. லினக்ஸ் மேசைத்தளமான க்னோம் போன்ற பெரிய திட்டங்கள் வெளியீட்டுக்கு முன் திரைச் சொற்களை மாற்றக் கூடாது என்று ஒரு காலத்தை ஒதுக்குவது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. மொழிபெயர்ப்பாளர்களைக் கடைசியில் கூப்பிடுங்கள்.

தலைகீழ் அறிகுறியும் உண்டு: உதவி என்ற பெயரில் குப்பை வந்து குவிவது. 2020 அக்டோபரில் திறமூலத் திட்டங்களுக்குப் பங்களிப்பவர்களுக்குப் பரிசு தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் டிஷர்ட்டுக்காக, ரீட்மீயில் ஒரு சொல்லை மாற்றிய புல் ரிக்வெஸ்டுகள் (சேர்த்துக்கொள்ளக் கேட்டு அனுப்பும் மாற்றங்கள்) வெள்ளமாக வந்து பராமரிப்பாளர்கள் திண்டாடினார்கள். விரும்பும் ரெப்போக்கள் (நிரல் களஞ்சியங்கள்) மட்டும் சேர்ந்துகொள்ளலாம் என்று அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. பரிசு வைத்துக் கூப்பிட்டால் பரிசுக்கு வருவார்கள்.

அறிகுறி 6: "மெதுவாக இருக்கிறீர்கள், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்று நெருக்குகிறார்கள்

பாதி நேரம் இது நியாயமான ஆதங்கம். மீதி நேரம் என்ன என்பதற்கு எக்ஸ்இசட் யுடில்ஸ் கதையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உலகத்து லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் சுருக்கும் கருவி அது. பராமரித்தவர் ஏறக்குறைய தனி ஆள், சம்பளமில்லாத வேலை. 2022-இல் முன்பின் தெரியாத சில கணக்குகள் வந்து, பேட்சுகள் தேங்குகின்றன, வேறு பராமரிப்பாளர் வேண்டும் என்று நச்சரித்தன. தன் உடல்மன நிலை சரியில்லை, இது பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதே காலத்தில் பொறுமையாக, பணிவாக, நல்ல பேட்சுகள் அனுப்பிக்கொண்டிருந்த இன்னொரு கணக்குக்குப் படிப்படியாக உரிமைகள் போயின. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தக் கணக்கு வெளியிட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பின்கதவு (கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழி) இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் வழி) நுழைவு சுமார் அரை நொடி தாமதமாகிறதே என்று துருவியதால் மார்ச் 29 அன்று வெளியே தெரிந்தது.

நெருக்கிய கணக்குகள் இந்தச் சூழ்ச்சியின் பகுதி என்றே பரவலாகக் கருதப்படுகிறது. என்னை உறுத்துவது வேறு. அந்த நெருக்கல் வாசகங்களைப் படித்தால் புதிதாக ஒன்றுமே இல்லை. எந்தத் திட்டத்திலும் தினமும் பார்க்கிற அதே தொனி. பயனர்கள் பராமரிப்பாளரை விரட்டுவது சகஜமாகிவிட்ட இடத்தில் எதிரி தனியாக வேஷம் போட வேண்டியதில்லை.

நீக்கும் முறை: அசதியாக இருக்கும் வாரத்தில் யாருக்கும் எந்த உரிமையும் கொடுப்பதில்லை. உரிமை தருவதானால் இஷ்யூக்களைப் பிரிப்பது முதலில், கமிட் அதற்கப்புறம், வெளியீட்டுச் சாவி எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவும் இருவர் சேர்ந்தால்தான் வெளியீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருக்குபவருக்குப் பதில்: "மெதுவாகத்தான் போகிறோம். இந்த மூன்று பேட்சுகளைச் சோதித்துச் சொன்னால் வேகம் கூடும்." உண்மையிலேயே அக்கறை உள்ளவர் ஒன்றையாவது சோதித்துப் பார்ப்பார்.

அறிகுறி 7: நன்கொடை வந்தது, நிம்மதி போனது

2010-இல் டயஸ்போரா என்ற சமூக வலைத் திட்டத்துக்காக நான்கு மாணவர்கள் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் 10,000 டாலர் கேட்டார்கள். 2,00,000 டாலருக்கு மேல் வந்து குவிந்தது. சில மாதம் கழித்து, செப்டம்பரில், உருவாக்குநர்களுக்கான முற்பதிப்பு என்று சொல்லித்தான் நிரலை வெளியிட்டார்கள்; பாதுகாப்பு ஓட்டைகளை எண்ணிக் காட்ட ஊரே திரண்டது. பத்தாயிரத்துக்குச் செய்த மாதிரியை இரண்டு லட்சத்துக்கான எதிர்பார்ப்போடு நிறுத்துப் பார்த்தார்கள்.

பணம் வாங்குவதானால் வசதிக்கு வாங்காமல் நேரத்துக்கு வாங்குங்கள். "சிங்க் வசதிக்காக" என்று கேட்டால் அது முன்பணம், கொடுத்தவர் வாடிக்கையாளர். "ஒருவர் மாதம் இத்தனை மணி நேரம் வேலை செய்ய" என்று கேட்டால், அந்த மணிநேரம் எங்கே போயிற்று என்ற கணக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கும். அதைத் தவறாமல் காட்டுங்கள். ஏற்கனவே வசதியின் பெயரில் வாங்கிவிட்டீர்கள், செய்ய முடியாது என்றும் தெரிந்துவிட்டது என்றால், திருப்பித் தருகிறோம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அறிகுறி 8: யாரும் எதுவும் கேட்பதில்லை

திட்டினால்கூடப் பரவாயில்லை என்று ஏங்கவைக்கும் கோளாறு இது. முதலில் கடைசி வெளியீட்டின் தேதியைப் பாருங்கள். ஓராண்டு ஆகிவிட்டதென்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது செத்துப்போன திட்டம், உள்ளே தினமும் கமிட் போய்க்கொண்டிருந்தாலும் சரி. பெரிய வசதிக்குக் காத்திராமல், தீர்த்த சின்னப் பிழைகளைத் திரட்டி ஒரு வெளியீடு போடுங்கள்.

உண்மையிலேயே நின்றுவிட்டதென்றால் அதைச் சொல்லிவிடுங்கள். குனு திட்டத்தின் இயங்குதளக் கருவான ஹர்ட் 1990-இல் தொடங்கி இன்னும் 1.0 வரவில்லை, ஆனால் யாரோ ஒருசிலர் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். மெதுவாக நடப்பதும் நின்றுபோவதும் ஒன்றல்ல, எது என்று நாம் சொன்னால்தான் தெரியும். எங்கள் குழுவில் ஒருவருக்கு வீட்டில் உடல்நலக் கவலை வந்து ஐந்து மாதம் எதுவும் ஓடாதபோது ரீட்மீயின் உச்சியில் போட்ட வாசகம் இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"மார்ச்சிலிருந்து வேலை நிற்கிறது. பாதுகாப்புப் பிழை என்றால் மட்டும் பார்க்கிறோம். புதிய வசதிகளுக்கான புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் பதில் வராது, அது உங்கள் தவறல்ல. நகலெடுத்துத் தனியாகக் கொண்டுபோக விரும்புபவர்கள் தாராளமாகக் கொண்டுபோகலாம், கட்டுவதில் சிக்கல் வந்தால் கேளுங்கள், அதற்குப் பதில் சொல்கிறோம். செப்டம்பர் 1 அன்று இந்த வரியைத் திருத்தி எழுதுவோம்."

செப்டம்பர் 1 அன்று திருத்தினோம். "இன்னும் நிற்கிறது, டிசம்பர் 1 அன்று மறுபடி" என்று.